முன்மொழிய ஒரு ஆள்

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்குங்க. கீழ சுருட்டி வச்சிருக்கேன் பாருங்க, அது பேனர். இன்னிக்குக் காலையிலதான் தர்மபுரியில பிரிண்ட் போட்டு வாங்கினேன். மடிச்சா கோடு விழுந்துடும், அதான் சுருட்டிக் கொண்டு போறேன். நாளைக்குச் சேலத்துல ஒரு பயிற்சி வகுப்பு. நான்தான் பயிற்சியாளர். "ஊராட்சிக்கு வாங்க, இளைஞர்களே!" வாசகம் நான் எழுதினதுதான். நல்லாருக்கா? உங்களைப் பாத்தா நல்லா இல்லைன்னாலும் சொல்ல மாட்டீங்க போலிருக்கு.

சேலம் வரைக்கும்தானே நீங்களும்? நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க வார்டு மெம்பர் பேரு என்ன? சிரிக்காதீங்க. தெரியாதில்ல? இதே ஒரு சினிமா நடிகனோட நாய்க்குட்டி பேரைக் கேட்டிருந்தா சட்டுனு சொல்லியிருப்பீங்க. உங்க தெரு விளக்கு எரியறதும் எரியாததும் யார் கையில இருக்குன்னு தெரியாது. உங்களைக் குத்தம் சொல்லல. நான் போற இடமெல்லாம் இதே கதைதான். நாற்பது பேரைக் கூப்பிட்டா பன்னெண்டு பேர் வருவாங்க. அதுல பாதி பேர் சாப்பாடு போடுவாங்களான்னு கேட்டுட்டு வருவாங்க. இந்த நாட்டு இளைஞர்கள் ஏன் உள்ளாட்சிக்கு வரமாட்டேங்கறாங்கன்னு பல வருஷமா மேடையில கேட்டுக்கிட்டிருக்கேன்.

என் பேரு முனிரத்தினம். சொந்த ஊர் கோணேரிஹள்ளி, பென்னாகரம் பக்கம். ஒரு தொண்டு நிறுவனத்துல இருக்கேன். வேலையே இதுதான். ஊர் ஊராப் போய் பசங்களுக்குக் கிராம சபைன்னா என்ன, அதுல எப்படிக் கேள்வி கேக்கணும், தேர்தல்ல எப்படி நிக்கணும், எல்லாம் சொல்லிக் கொடுக்கணும்.

இருங்க. போன் அடிக்குது. சட்டைப் பையில வச்சா நெஞ்சு மேலயே துடிக்குது, ஒரு எழவும் புரியல. கம்பெனி விளம்பரமா இருக்கும். அது கெடக்கு, விடுங்க.

எதுல விட்டேன்? வகுப்பு. நான் சும்மா கரும்பலகையில எழுதிப் போடற ஆளில்ல. மாதிரி கிராம சபைன்னு ஒண்ணு நடத்துவேன். ஒரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, நாற்காலியில காலு மேல காலு போட்டு உக்காந்துக்குவேன். நான்தான் ஊராட்சித் தலைவர். பசங்க பொதுமக்கள். என்னைக் கேள்வி கேக்கணும். நான் மழுப்புவேன், மிரட்டுவேன், "நீ யார் வீட்டுப் பையன்டா"ன்னு கேப்பேன். அவங்க அசரக் கூடாது. ரெண்டே விதிதான் சொல்வேன். ஒண்ணு, கேக்கறவங்க முகத்தைப் பாத்துக் கேக்கணும், பதில் சொல்றவங்களும் முகத்தைப் பாத்துச் சொல்லணும். ரெண்டு, பதில் வர்ற வரைக்கும் உக்காரக் கூடாது. அவ்வளவுதான். இதுல பேசிப் பழகின பசங்க நாலு பேர் இன்னிக்கு மெம்பரா இருக்காங்க தம்பி, நெஜமாவே! ஒரு பொண்ணு துணைத் தலைவர் ஆயிட்டா.

எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. ஒரே பொண்ணு. சங்கவி. பி.எஸ்சி. முடிச்சுட்டு வீட்டுல இருந்து படிச்சுக்கிட்டிருக்கா. சின்ன வயசுல இருந்து என் வகுப்புக்கெல்லாம் கூட வருவா. முதல்ல சார்ட்டைப் பிடிக்க வந்தா. அப்புறம் பின்வரிசையில உக்காந்து கேட்டா. அப்புறம் வீட்டுலயே பயிற்சி எடுக்க ஆரம்பிச்சுட்டா. சாயங்காலம் ஆனா போதும், "அப்பா, துண்டைப் போடுங்க"ம்பா. நான் தலைவர், அவ பொதுமக்கள். கிராம சபைன்னா குறைஞ்சபட்சம் இத்தனை பேர் இருக்கணும்னு கணக்கு இருக்கில்ல, அதுக்கு என் வீட்டுக்காரியை உக்கார வச்சுக்குவோம். அடுப்படி வாசல்ல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டிருப்பா. தீர்மானம் போட்டா கை தூக்கணும், அதுதான் அவ வேலை. "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க"ன்னா பூண்டுத் தோலோட கையைத் தூக்குவா. நாங்க சிரிப்போம். மாதம்மான்னு பேரு. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பேர் எழுதத் தெரியும், அதுவும் பொண்ணு சொல்லிக் கொடுத்தது.

ஒரு நாள் சங்கவி எந்திரிச்சு நின்னு கேக்கறா: "தலைவரே, எங்க வார்டுல கடைசித் தெருவுக்கு ஏன் தண்ணி வரல?"

நான் தலைவர் மாதிரியே, "குழாயில அழுத்தம் பத்தலைம்மா"ன்னேன்.

"வால்வுக்கு இந்தப் பக்கம் அழுத்தம் இருக்கு தலைவரே. அந்தப் பக்கம்தான் இல்ல. வால்வைத் திறக்கற சாவி யார் வீட்டுல இருக்கு?"

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் தம்பி. எந்திரிச்சு நின்னு கை தட்டிட்டேன். என்னையே மடக்கிட்டாளே! என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கல. பூண்டு உரிக்கறதை நிறுத்திட்டு என்னையே பாத்தா. ஏன் பாக்கறான்னு எனக்குப் புரியல.

சாவி யார் வீட்டுல இருக்குன்னு கேக்கறீங்களா? அதான் விஷயமே. தீர்த்தகிரின்னு எங்க வார்டு மெம்பர். என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மச்சான். வால்வு அவர் வீட்டு வாசல்லதான் இருக்கு, சாவியும் அவர்கிட்டதான். எங்க வீடு அவருக்கு அடுத்த வீடு. அதனால எங்களுக்குத் தண்ணிக்குக் குறையே கிடையாது, தொட்டி எப்பவும் ததும்பும். அதனாலதான் கடைசித் தெரு விவகாரம் எனக்குத் தெரியாமலே போச்சு. சத்தியமாத் தெரியாது. காலையில எந்திரிச்சா எங்க வாசல்ல குடம் வரிசையா இருக்கும். கடைசித் தெருப் பொம்பளைங்களுக்கு என் வீட்டுக்காரி எங்க குழாய்ல இருந்து பிடிச்சுப் பிடிச்சு ஊத்திக் கொடுப்பா. நான் குளிக்கப் போனா தொட்டி காலி. கத்துவேன். "ஊருக்கெல்லாம் நீதான் மெம்பரா?"ன்னு கேட்டிருக்கேன். எதுக்கு வந்து பிடிக்கறாங்கன்னு நான் கேட்டதில்ல. எனக்கு நேரம் எங்க இருக்கு சொல்லுங்க, வாரத்துல நாலு நாள் வெளியூர் வகுப்பு.

மறுபடியும் அடிக்குது பாருங்க. சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. இது விளம்பரம் இல்ல. சங்கவிதான். பேச வேண்டாம், அடிச்சு அடிச்சு ஓயட்டும்.

ஏன் எடுக்கலைன்னு நீங்க கேக்கல, ஆனா நெனைக்கறீங்க. சொல்றேன்.

வீட்டுல கேட்டதை நெஜ கிராம சபையிலயும் கேட்டுட்டா. போன தடவை நடந்துச்சு, பள்ளிக்கூடத்து மைதானத்துல. நான் முன் வரிசை. எந்திரிச்சு, பேரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, மச்சான் முகத்தைப் பாத்து, "வால்வு சாவி உங்க வீட்டுல எதுக்கு இருக்கு?"ன்னு கேட்டா. மச்சான் கோபப்படல. சிரிச்சாரு. "என்ன முனிரத்தினம், உன் பொண்ணு நல்லாப் பேசுது"ன்னு என்னைப் பாத்தாரு. நான் அப்போ குனிஞ்சிருந்தேன். செருப்பு வார் அவுந்திருந்துச்சு. நெஜமாத்தான் தம்பி, வார் அவுந்திருந்துச்சு. அதைச் சரி பண்ணிட்டு நிமிர்ந்தப்போ அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. சங்கவி மட்டும் நின்னுக்கிட்டே இருந்தா. பதில் வரலையே, அதனால உக்காரல. கூட்டம் முடியற வரைக்கும் நின்னா.

வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல.

அப்புறம் தேர்தல் வந்துச்சு. இந்தத் தடவை எங்க வார்டைப் பெண்கள் வார்டா மாத்திட்டாங்க. மச்சான் நிக்க முடியாது. என்ன பண்ணாரு? என் அக்காவை நிறுத்தறேன்னுட்டாரு. எங்க வார்டுல தேர்தல்னு ஒண்ணு நடந்தே பல காலமாச்சு. அவர் மட்டும் மனு போடுவாரு, போட்டியில்லாம ஜெயிப்பாரு, மாலை போடுவாங்க, முடிஞ்சுது. இந்தத் தடவையும் அப்படித்தான்னு இருந்தாரு. மேடையில நான் இதைப் பத்தி எப்படிப் பேசுவேன் தெரியுமா? "பொண்டாட்டியை நிக்க வச்சுட்டு நாற்காலியில நீ உக்காருவியா? வெக்கமா இல்ல?" அப்படீன்னு கர்ஜிப்பேன். பொம்பளைப் பிள்ளைங்க கை தட்டுவாங்க. நாளைக்குக் கூட அந்த இடம் வரும். அதுக்குத் தனியா ஒரு சார்ட் வச்சிருக்கேன்.

சங்கவி வந்து, "அப்பா, நான் நிக்கறேன். நீங்கதான் முன்மொழியணும்"னா.

உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, மனு போடறவங்களை யாராவது ஒருத்தர் முன்மொழியணும். அதே வார்டுல ஓட்டு இருக்கற ஆளா இருக்கணும், கையெழுத்துப் போடணும். இல்லைன்னா மனு செல்லாது. வகுப்புல இதை மூணு தடவை சொல்வேன். ஆம்பளையா பொம்பளையா, படிச்சவங்களா படிக்காதவங்களா, அதெல்லாம் கணக்கே இல்ல, ஓட்டு இருந்தாப் போதும்.

நான் என்ன சொன்னேன்? "பின்னே வேற யாரு போடுவாங்க, நான்தான்"னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கிராம சபையில நான் குனிஞ்சதை அன்னிக்கே மறந்துட்டா போலிருக்கு. அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க வேண்டாம்.

மனு வாங்க ஆரம்பிச்ச முதல் நாள் அஷ்டமி. நான்தான் சொன்னேன், அஷ்டமியில வேண்டாம்மான்னு. மறுநாள் நவமி. அப்புறம் நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பஞ்சாங்கத்தை நம்பற ஆளில்ல தம்பி, மேடையில கிண்டல் பண்ணுவேன். அவளுக்கும் அது தெரியும். என்னை ஒரு மாதிரியாப் பாத்தா, ஆனா சரின்னா. அப்பா ஏதோ யோசிச்சுத்தான் சொல்றாருன்னு நெனச்சிருப்பா.

இதுக்கு நடுவுல அக்கா வந்துட்டா.

என் அக்காவைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். எனக்கு நெனவு தெரியறதுக்கு முன்னாடியே எங்கம்மா போயிட்டாங்க. அக்காதான் எல்லாம். பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, என்னை இடுப்புல வச்சுக்கிட்டு ராகிக் களி கிண்டினவ. நான் படிக்கறதுக்காக அவ படிக்கல. இன்னிக்கு நான் நாலு பேர் முன்னாடி நின்னு பேசறேன்னா அது அவ விட்ட படிப்பு. அவ மச்சானுக்குத் தெரியாம பின்வாசல் வழியா வந்து நின்னுக்கிட்டு அழறா.

"நான் எதுக்குடா நிக்கப் போறேன், அவர் நிக்க வைக்கறாரு. உன் பொண்ணு நிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு எதிரா உன் கையெழுத்து இருக்கக் கூடாதுடா முனி. ஊர் பூரா பாக்கும்டா. நான் அந்த வீட்டுல அப்புறம் எப்படி இருப்பேன்?"

சொல்லுங்க தம்பி. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு பக்கம் என்னைத் தூக்கி வளத்தவ. இன்னொரு பக்கம் நான் தூக்கி வளத்தவ.

அதனால நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எதிர்ப்பும் இல்ல, ஆதரவும் இல்ல, நடுநிலை. இன்னிக்குக் காலையில, "தர்மபுரி போய் பேனரை வாங்கிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன், வந்ததும் போய்ப் போட்டுடலாம்"னு சங்கவிகிட்டச் சொன்னேன். இன்னிக்குத்தான் மனு போடக் கடைசி நாள். சாயங்காலம் ஆபீஸ் மூடிட்டா முடிஞ்சுது. பேனர் காலையிலயே கைக்கு வந்துடுச்சு. ஊருக்குப் போற பஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைப் போக விட்டேன். அடுத்ததையும் விட்டேன். ஒரு டீ குடிச்சேன். இன்னொரு டீ குடிச்சேன். அப்புறம் பாத்தா இந்தச் சேலம் பஸ்ல ஏறி உக்காந்திருக்கேன். வகுப்பு நாளைக்குத்தான். முந்தின நாளே போனா ஹாலைப் பாத்து வச்சுக்கலாமில்ல. மின்விசிறி ஓடுதா, நாற்காலி இருக்கா, பாக்கணும்.

நான் யாருக்கும் துரோகம் பண்ணல. யாருக்கு எதிராவும் கையெழுத்துப் போடல, அவ்வளவுதான்.

பாருங்க, தொப்பூர் கணவாய் வந்துடுச்சு. லாரி எல்லாம் எப்படி ஊந்து ஊந்து இறங்குது பாருங்க. இங்க டவர் கிடைக்காது, போனும் கொஞ்சம் சும்மா இருக்கும்.

இங்க இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிச்சா ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடலாம். பென்னாகரம் பஸ் மட்டும் உடனே கிடைக்கணும். கிடைக்கும், இந்த நேரத்துல கிடைக்கும். இதைத் தாண்டிட்டா முடியாது. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சும்மா கணக்குப் போட்டுப் பாத்தேன்.

கண்டக்டர், தொப்பூர்ல நிக்குமா? நிக்குமா. சரி.

தம்பி, கொஞ்சம் நகருங்க, பேனரை எடுத்துக்கறேன்.

இல்ல. உக்காருங்க. உக்காருங்க, சொல்றேன். கண்டக்டர், ஒண்ணுமில்லீங்க, ரைட் கொடுங்க, தெரியாமக் கேட்டுட்டேன்.

சும்மா எந்திரிச்சுப் பாத்தேன். கால் மரத்துப் போச்சு.

என்னை அப்படிப் பாக்காதீங்க தம்பி. உங்களுக்கு என்ன வயசு? என் பொண்ணு வயசுதான் இருக்கும். அவளும் இப்படித்தான் பாப்பா, ஒண்ணும் கேக்க மாட்டா. இந்நேரம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டிருப்பா. நீலச் சுடிதார் போட்டிருந்தா காலையில. நல்ல நாளுக்குன்னு எடுத்து வச்சது. உள்ள போகவும் முடியாது, வீட்டுக்கு வரவும் முடியாது. ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பா. ஒவ்வொரு பஸ் வரும்போதும் எட்டிப் பாப்பா. மச்சான் ஆளுங்க எதிர்ல டீக்கடையில உக்காந்து சிரிப்பாங்க. எனக்குத் தெரியும். இங்க உக்காந்தே எல்லாம் தெரியுது.

மத்தியானச் சாப்பாடே இன்னும் ஆகல தம்பி. இருங்க, சோறு இருக்கு. புளிசாதம். நீங்களும் கை நனைங்க, நிறைய இருக்கு. பாருங்க இந்தக் கூத்தை. மத்தியானம் வந்துடுவேன்னுதானே சொன்னேன். என் வீட்டுக்காரி ரெண்டு வேளைக்குக் கட்டிக் கொடுத்திருக்கா. இது மத்தியானத்துக்கு, இது ராத்திரிக்கு. தர்மபுரி போயிட்டு வர்றவனுக்கு ராத்திரிச் சோறு எதுக்கு? கணக்குத் தெரியாதவ. சொன்னா கேக்க மாட்டா.

நல்லாருக்கா? புளி கொஞ்சம் தூக்கல். அவ கை அப்படி.

வேற ஆளா? முன்மொழியவா? அதை நான் யோசிக்காம இருப்பேனா? ராத்திரி பகலா யோசிச்சேன் தம்பி. நான் போடலைன்னா வேற யார் போடுவாங்கன்னு வார்டுல வீடு வீடா மனசுக்குள்ள போய்ப் பாத்துட்டேன். எதிர் வீட்டு வாத்தியாருக்கு மச்சான்தான் மாப்பிள்ளை பாத்துக் கொடுத்தாரு. அவர் போட மாட்டாரு. மளிகைக் கடைக்காரருக்கு எதுக்கு வம்பு. கடைசித் தெருக்காரங்க போடுவாங்களான்னா, இப்பவே சொட்டுச் சொட்டாத்தான் வருது, கையெழுத்துப் போட்டா அதுவும் நின்னுடும்னு பயப்படுவாங்க. படிச்ச பசங்க ரெண்டு பேர் இருக்காங்க, பெங்களூருக்குப் போயிட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம யோசிச்சுட்டேன். எங்க வார்டுல அந்தக் கையெழுத்தைப் போடறதுக்கு என்னை விட்டா ஒரு ஆள் கிடையாது. அதுதான் எனக்கு இவ்வளவு பாரமா இருக்கு.

வீட்டுலயா? வீட்டுல என்ன, ஒண்ணும் சொல்லல. அவ எதுக்குச் சொல்லப் போறா. சோறு கட்டிக் கொடுத்தா, செருப்பை எடுத்து வச்சா, வாசல் வரைக்கும் வந்தா. "எந்த பஸ்ஸுல வருவீங்க?"ன்னு கேட்டா. "கிடைக்கற பஸ்ஸுல"ன்னேன். சரின்னா. அவ்வளவுதான்.

இந்த வருஷம் போனா என்ன, அடுத்த தடவை நிக்கலாம். சின்ன வயசுதானே. வீட்டுக்குப் போய் அதைத்தான் சொல்லப் போறேன். அடுத்த தடவை அப்பா கண்டிப்பாப் போடறேன்னு. அடுத்த தடவை எங்க வார்டு பெண்கள் வார்டா இருக்காதுதான். பொதுவா மாறிடும், மச்சான் மறுபடியும் வந்துடுவாரு. அதுக்கு இப்ப என்ன.

ஓமலூர் வரப் போகுது. டவர் வந்துடுச்சு. அடிக்குது பாத்தீங்களா?

இல்லையே. இது சங்கவி நம்பர் இல்ல. இது மாதம்மாவோட பட்டன் போன். இவ எனக்குப் போன் போட்டதே கிடையாதே. எப்பவும் பொண்ணு போட்டுக் கொடுத்தாத்தான் பேசுவா. என்னமோ ஆயிடுச்சு தம்பி. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு எங்கயாவது... இருங்க, எடுத்துடறேன்.

அலோ. மாதம்மா? என்ன ஆச்சு? சங்கவி எங்க? ... நல்லாருக்காளா? ... உள்ள போயிட்டாளா? ஆபீஸுக்குள்ளயா? ... யாரு? ... யாரு போட்டது? ... நீயா?

...

உனக்கு எப்படி ... சரி. ... சரி. ... ஓ. எப்போ? ... சுத்தமாவா? ... ம். ... ம். அவகிட்ட என்ன சொன்னே? ... சரி. கேக்குது. கேக்குது, சொல்லு. ... வாங்கிட்டு வர்றேன்.

...

வச்சுட்டா.

தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்க.

அவளே போட்டுட்டாளாம். மாதம்மா. காலையில என்னை வாசல்ல இருந்து அனுப்பி வச்சுட்டு, குளிச்சு, மத்தியானம் வரைக்கும் எனக்காகக் காத்திருந்துட்டு, பொண்ணு நின்ன இடத்துக்குப் போயிருக்கா. "உங்கப்பா பஸ் ரிப்பேராம், இப்பத்தான் சொன்னாரு, என்னைப் போடச் சொன்னாரு"ன்னு சொல்லி, உள்ள போய், உக்காந்து, பேர் எழுதியிருக்கா. அந்த ஆபீஸர், "நீங்க இந்த வார்டு வாக்காளர்தானேம்மா?"ன்னு கேட்டாராம். "இருபத்தஞ்சு வருஷமா இதே வார்டுதான் சார்"னாளாம். மனுவை வாங்கிக்கிட்டாங்க.

ஓட்டு இருந்தாப் போதும். படிச்சவங்களா படிக்காதவங்களா, அதெல்லாம் கணக்கே இல்ல. மூணு தடவை சொல்வேன் தம்பி, வகுப்புல. வார்டு பூரா யோசிச்சேன், என் வீட்டுக்குள்ள யோசிக்கல.

நான் ஒரு போனும் பண்ணலையே. ரிப்பேர்னு அவளா சொல்லியிருக்கா. பொண்ணு முன்னாடி என் மானம் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. சங்கவி நம்பிட்டாளாம். "அப்பா பாவம், பஸ் ஸ்டாண்டுல காஞ்சுக்கிட்டிருப்பாரு"ன்னு வருத்தப்பட்டாளாம். அதுக்குத்தான் இத்தனை தடவை அடிச்சிருக்கா. நான் என்னமோ திட்டத்தான் கூப்பிடறான்னு நெனச்சேன்.

மச்சான் ஒண்ணும் சும்மா இல்ல. இவ வீட்டுக்குத் திரும்பறதுக்குள்ள எங்க குழாயை அடைச்சுட்டாராம். சுத்தமா வரலையாம். கடைசித் தெருவுல இருந்து மூணு பொம்பளைங்க அடிபம்புல இருந்து ஆளுக்கொரு குடம் கொண்டாந்து எங்க வாசல்ல வச்சுட்டுப் போனாங்களாம். அக்கா திண்டாடிக்கிட்டு இருப்பா, அவளைப் பத்தி இவ ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. "ராத்திரி பின்பக்கமாப் போய் அண்ணிகிட்டப் பேசிட்டு வர்றேன்"னா.

என்னை ஒரு வார்த்தை கேக்கல தம்பி. ஏன் வரலைன்னு கேக்கல. "சேலம் போய்ச் சேர்ந்துட்டீங்களா?"ன்னு மட்டும்தான் கேட்டா. நான் இன்னிக்கே சேலம் போறேன்னு அவகிட்டச் சொல்லவே இல்லையே. "வரும்போது ரெண்டு பெரிய குடமா வாங்கிட்டு வாங்க, இனிமே தூரத்துல இருந்து எடுக்கணும்"னா. "ராத்திரிச் சோறை வேர்க்க விடாதீங்க, மூடியைக் கொஞ்சம் திறந்து வைங்க"ன்னா.

ரெண்டு வேளைக்குக் கட்டிக் கொடுத்தாளே. காலையிலயே தெரிஞ்சிருக்கு அவளுக்கு.

கண்டக்டர்! ஓமலூர் இறக்கம்!

ஆமா தம்பி, இறங்கறேன். ஹாலை நாளைக்குப் பாத்துக்கலாம். விடியற்காலை பஸ்ஸைப் பிடிச்சா வகுப்புக்கு வந்துடலாம். குடம் தர்மபுரியிலயே கிடைக்கும். இந்தச் சோத்தை நீங்க வச்சுக்குங்க, மூடியைத் திறந்து வைங்க. இல்ல, வச்சுக்குங்க. எனக்கு இறங்காது.

ஊர்ல பஸ் நிக்கற இடத்துல இருந்து மச்சான் வீட்டைத் தாண்டித்தான் எங்க வீட்டுக்குப் போகணும். ரெண்டு கையிலயும் குடத்தோட போகணும். போயிடுவேன். அது கூடப் பரவாயில்ல.

வாசல்ல சங்கவி நிப்பா. "வாங்கப்பா, பஸ் எந்த இடத்துல ரிப்பேர் ஆச்சு?"ன்னு கேப்பா. முகத்தைப் பாத்துத்தான் கேப்பா. பதில் வர்ற வரைக்கும் உக்கார மாட்டா. அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அந்தப் பேனரைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க தம்பி.